எஸ்தரக்காவின் காலிக் கட்டம்

செல்விக்கும் தாசுக்கும் அப்பா எழுதுவது. கொழும்பிலிருந்து வந்து வாசலில் பையை வைத்ததும் தாசு கேட்டது, "சண்டையைப் பாத்தீங்களாப்பா?" என்று. செல்வி கேட்டது, "எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்று. உங்கள் அம்மா மட்டும் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "ஆறு நாளும் இதே சட்டைதானா?" என்றாள். மூன்று கேள்விக்கும் அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனவன் நான். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் உருளும். பொறுத்துப் படியுங்கள்.

நம் சபையில் எத்தனையோ படித்தவர்கள் இருக்க என்னை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். வளைகுடா வேலைக்கென்று எடுத்தது. வேலை வரவில்லை. பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் அந்துருண்டை வாசனையோடு தூங்கிக்கொண்டிருந்தது.

நம் ஊழியச் சங்கம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் எஸ்தரக்காவைக் கொழும்புக்கு மிஷனெரியாக அனுப்பியது. மாதம் ஒரு அறிக்கை அனுப்புவாள். அதில் நாலு கட்டம். சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், ஜெபித்த நோயாளிகள், ஞானஸ்நானம் பெற்றவர்கள். முதல் மூன்று கட்டமும் நிறைந்து வரும். நாலாவதில் ஒரு சின்னக் கோடு. பதினோரு வருஷமும் அந்தக் கோடுதான். சங்கத்தில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் தலைவர் ஞானமுத்து வாத்தியார் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு என் கையில் தந்தார். ஊழியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பச் சொல்லும் கடிதம்.

"போய்ப் பாரு. ஏதாச்சும் கனி இருந்தா கடிதத்தைத் திருப்பிக் கொண்டு வா. இல்லேன்னா அவ கையில குடுத்துட்டு வா," என்றார்.

இவ்வளவுதான் என் வேலை. கேட்க லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கொழும்பு விமான நிலையத்தில் முதல் சோதனை. எஸ்தரக்காவுக்கென்று ஓலைப் பெட்டியில் கருப்பட்டி கொண்டு போயிருந்தேன். சண்டைக் காலம், கறுப்பாக, உருண்டையாக, ஓலையில் சுற்றி எதைக் கொண்டு போனாலும் சந்தேகம்தான். அதிகாரி இரண்டடி பின்னால் நின்றுகொண்டு, தின்று காட்டு என்று சைகை செய்தார். தின்றேன். இன்னொன்று என்றார். அதையும் தின்றேன். பிறகு அவரே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, "ஹக்குரு!" என்று முகம் மலர்ந்தார். வெல்லத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர். அதற்குள் எனக்குத் தண்ணீர்த் தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

எஸ்தரக்கா இருப்பது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு சந்தில், ஒரு லாட்ஜின் மாடியறையில். லாட்ஜ் முழுக்க யாழ்ப்பாணத்து ஆட்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பிடித்துக்கொண்டு போன பிள்ளையையோ புருஷனையோ தேடி வந்தவர்கள். சந்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கும் அந்தப் பக்கம் கடல். ரயில் போகும்போது தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை எழும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். சொதி என்றதும் நம் திருநெல்வேலிக் கல்யாணச் சொதி என்று ஆசையோடு கரண்டியை விட்டு முருங்கைக்காயையும் உருளைக்கிழங்கையும் தேடினேன். மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் மட்டும் வந்தது; நாலு வெங்காயம் மிதந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் நான் துழாவுவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, மீன் பிடிக்கிறியளோ?"

"இல்லம்மா..."

"அம்மாவோ? உங்களுக்கென்ன ஏழு வயசோ? அக்கா எண்டு சொல்லுங்கோ." பிறகு எஸ்தரக்காவைப் பார்த்து, "இவர்தானோ ஊரிலயிருந்து ஆக்களை எண்ண வந்தவர்?" என்றார்.

நான் கரண்டியைச் சொதிக்குள்ளேயே விட்டுவிட்டேன். எஸ்தரக்கா சிரித்துக்கொண்டே, "ஓம், இவர்தான். நல்ல பிள்ளை, பயப்படுத்தாதே பரமேஸ்," என்றாள். பதினோரு வருஷத்தில் அவளுக்கு 'ஆமா' மறந்து 'ஓம்' வந்துவிட்டது.

அந்த அம்மாளின் பெயர் பரமேஸ்வரி. பக்கத்து அறை. கதையை எஸ்தரக்கா பிறகு சொன்னாள். பரமேஸ்வரியின் கணவர் தவராசாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்காக இருவரும் கொழும்புக்கு வந்தார்கள். ஒரு கண்ணை வெட்டியாயிற்று, அதாவது ஆபரேஷன் முடிந்தது. மற்றக் கண்ணுக்கு நாள் குறித்துக் கார்டு கொடுத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு நாள் காலையில் பாண் வாங்கப் போனவர் திரும்பவில்லை. வீதியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கடைக்காரர் சொன்னார். பாண் என்றால் நம் ரொட்டி. ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், போய் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு செவ்வாயும் எஸ்தரக்கா கூடப் போகிறாள்.

"அவங்க நம்ம மார்க்கமாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை. நல்லூர்க் கந்தன்."

நான் மனசுக்குள் நாலாவது கட்டத்தைப் பார்த்தேன். கோடுதான்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் இருக்கும் வீடுகள். வீட்டுக்கு வீடு மாதா படம், சிவப்பு விளக்கு. ஒரு பெரியவருக்குக் காலில் ஆறாத புண். எஸ்தரக்கா உட்கார்ந்து கழுவி, மருந்து வைத்துத் துணி கட்டினாள். அவரோ கட்டி முடிக்கும்வரை எங்களை வைதுகொண்டேயிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"இவங்க ஏற்கெனவே கத்தோலிக்கருல்லா? இங்க நமக்கு என்ன ஊழியம்?"

"காலுக்கு மருந்து கட்ட எந்தச் சபைன்னு கேக்கணுமா தம்பி?"

"அறிக்கையில எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

"ஜெபித்த நோயாளிகள்ல. அவர் வைததுக்கு நடுவுல ஜெபிச்சேன்."

திரும்பும்போது என் கெட்டிக்காரத்தனம் வெளிப்பட்டது. அங்கே வழியில் சோதனைச் சாவடி வந்தால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டையைக் காட்டி நடந்துபோய், அந்தப் பக்கம் காத்திருக்கும் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். என் பாஸ்போர்ட்டை ஒரு சிப்பாய் முன்னும் பின்னும் புரட்டி, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டு வந்தார். மழை வேறு தொடங்கிவிட்டது. அவர் விட்டதும் ஓடிப்போய்ச் சிவப்பு பஸ்ஸில் ஏறினேன். அங்கே நின்றது நாலு சிவப்பு பஸ். நான் ஏறியது நுகேகொடைக்குப் போகிறது.

கடல் எங்கே காணோம் என்று யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போயிருக்கிறேன். சந்தையடியில் இறக்கிவிட்டார்கள். கீரை விற்ற ஒரு சிங்கள அம்மாளிடம் முகவரிச் சீட்டை நீட்டினேன். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்ட, அவர் இன்னொருவரிடம் காட்ட, கடைசியில் நாலைந்து பேர் என் பிரயாணத்தை விவாதித்தார்கள். கீரைக்கார அம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். வெள்ளவத்தையில் கண்டக்டர் என்னைப் பார்சல் இறக்குவதுபோல இறக்கினார்.

லாட்ஜில் எஸ்தரக்கா இல்லை. நான் பஸ்ஸில் இல்லை என்று கண்டதும் இறங்கி, சாவடிக்குப் பக்கத்திலேயே மழையில் நின்று இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். சொட்டச் சொட்ட வந்து என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றாள். அதைவிட நாலு வார்த்தை வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்தக் குறையைப் பரமேஸ்வரி தீர்த்து வைத்தார். "எண்ண வந்தவருக்கு பஸ்ஸைக்கூட எண்ணத் தெரியேல்லை!"

ஞாயிறு காலையில் எஸ்தரக்காவின் அறையில் ஆராதனை. நான், அவள், லாட்ஜ் சமையல்காரர், பரமேஸ்வரி. சமையல்காரர் ஏற்கெனவே கிறிஸ்தவர். பரமேஸ்வரி முடிவில் கிடைக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீக்காக வருகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். பாட்டுக்கெல்லாம் கூடவே பாடினார். சுருதி அவருக்குத்தான் சரியாக இருந்தது.

டீ குடிக்கும்போது எஸ்தரக்கா தும்மிக்கொண்டே கேட்டாள். "தம்பி, வாத்தியார் கடிதம் குடுத்து விட்டிருப்பாரே. எப்ப தரப் போறீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நாலாவது கட்டத்தில் ஒரு பெயராவது இருந்தால் கடிதம் திரும்பிப் போய்விடும் என்பதையும் சொன்னேன்.

பரமேஸ்வரி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒராள் காணுமோ?"

"காணும்," என்றேன். போதும் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை எனக்கும் தொற்றியிருந்தது.

"அப்ப என்ர பேரை எழுதுங்கோ. முழுக வேணுமோ, தெளிக்கிறதோ?"

"எங்க சபையில தெளிப்புதான்..."

"தெளிப்போ? அப்ப சுகம். தலை காய வைக்கிற வேலையும் இல்லை. கீரிமலைத் தீர்த்தத்தில எத்தினை தரம் முழுகின ஆள் நான், கொஞ்சத் தண்ணிக்கு என்ன? கந்தனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன், அவர் கோவிக்க மாட்டார். எஸ்தர் இஞ்ச நிக்க வேணும், அவ்வளவுதான்."

சமையல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பரமேஸ்வரி சிரிக்கவில்லை. கையால் டம்ளரைச் சுற்றிக்கொண்டேயிருந்தார். அப்போதுதான் அவர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

எஸ்தரக்கா அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "வேண்டாம் பரமேஸ்."

"ஏன்? எனக்குத் தகுதி இல்லையோ?"

"விசுவாசிச்சு வந்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். எனக்காக வராதே. நீ எனக்காகத் தண்ணி தெளிச்சுக்கிட்டா, நான் இத்தனை செவ்வாய்க்கிழமை உன்கூட வந்ததெல்லாம் தூண்டில்ல மாட்டின புழு மாதிரி ஆயிடும். அது வெறுமனே வந்ததாவே இருக்கட்டும்."

"பெரிய கதை கதைக்கிறா," என்றார் பரமேஸ்வரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை எஸ்தரக்காவுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை மழை, அதாவது நான். பிள்ளைகளே, உங்களிடம் மறைக்க மாட்டேன்: அன்று முழுக்க என் மனசு ஊசலாடியது. ஒன்று என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அக்கா அங்கேயே இருப்பாள். வாத்தியாருக்குச் சந்தோஷம். அந்த அம்மாளே வாய் திறந்து கேட்டதுதானே, பொய்யும் இல்லையே? பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, மூடி தளர்ந்துபோனதுதான் மிச்சம்.

சாயங்காலம் அக்கா போர்வைக்குள்ளிருந்து, "நாளைக்குச் செவ்வாய். பரமேஸோட நீங்க போங்க," என்றாள்.

"எனக்குச் சிங்களம் தெரியாதே. நான் போய் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கந்தோர் கோட்டைப் பக்கம். காலை எட்டு மணிக்கே பெஞ்சுகள் நிறைந்துவிட்டன, அநேகமாகப் பெண்கள். எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் போட்டோ. யாரும் உரக்கப் பேசவில்லை. பரமேஸ்வரி மட்டும் கணவரை ஏசிக்கொண்டிருந்தார்.

"வரட்டும், கேக்கிறன். பாண் வாங்கப் போற மனிசன் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனவரோ? கண் கார்டை நான்தான் கொண்டு திரியிறன். அந்தத் திகதியும் போயிட்டுது. இன்னொரு திகதி எடுக்கிறது லேசான வேலையோ?"

"எஸ்தரக்கா இங்க வந்து என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யமாட்டா. முதல் என்னோட இருப்பா. பிறகு பேர் கூப்பிடேக்க என்னோட எழும்புவா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்களுக்கு முழங்கால் சுகம்தானே? எழும்புவியள்தானே?"

பதினொரு மணிக்குமேல் பெயர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். காணாமல் போனவர் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் எழுந்து போக வேண்டும். எங்கள் முன்வரிசையில் ஒரு பெண், தனியாக வந்தவள். அவள் தேடி வந்தவரின் பெயரை ஒருமுறை கூப்பிட்டார்கள், எழவில்லை. இரண்டாம் முறை, எழவில்லை. காது கேட்காதவள் என்று நினைத்தேன். கேட்கிறது, உறையைப் பிடித்த விரல் வெளுத்துப்போயிருந்தது. அங்கே போனால் என்ன சொல்வார்களோ என்று எழ முடியவில்லை. மூன்றாம் முறை கூப்பிடுமுன் என் பக்கத்து இடம் காலி. பரமேஸ்வரி போய் அந்தப் பெண்ணின் முழங்கையில் கை கொடுத்து, "எழும்பு பிள்ளை. நானும் வாறன்," என்றார். இருவருமாகப் போனார்கள். இருவருமாகத் திரும்பினார்கள். பதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அந்தப் பெண் உட்கார்ந்து, எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

பிறகு, "தவராசா."

நான் எழுந்தேன். யார் இந்தத் தவராசா, நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த மேசைவரை நடந்த பத்தடியும், ஐயோ, ஒரு நல்ல சொல் வரட்டுமே என்று ஜெபித்துக்கொண்டே போனேன். எழுத்தர் பெரிய பதிவேட்டைத் திறந்து, அடிமட்டத்தை ஒவ்வொரு வரியாக இறக்கினார். முடிவில் நிமிர்ந்து, இன்னும் இல்லை, அடுத்த செவ்வாய் வாருங்கள் என்றார் சிங்களத்தில். பரமேஸ்வரி மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை. பிறகு என்னைப் பார்த்து, மற்ற அம்மாள் எங்கே என்று கேட்டாராம். காய்ச்சல் என்றதும், கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லுங்கள் என்றாராம்.

அவ்வளவுதான். எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை நான் செய்த ஊழியம் ஒருமுறை எழுந்து நின்றது.

அதோடு விட்டாரா? "வாங்கோ, கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போயிட்டுப் போவம். தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர்," என்றார் பரமேஸ்வரி. நல்லூர்க் கந்தனின் ஆள் அந்தோனியாரிடம் போகிறார். சொரூபம் இல்லாத வேதக்கோயிலில் வளர்ந்த நான் தயங்குகிறேன். எஸ்தரக்கா என்ன செய்வாள் என்று கேட்டேன். வெளியே நின்று பை பார்த்துக்கொள்வாளாம். நானும் பை பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஆனால் சனம் நெரித்து என்னையும் உள்ளே தள்ளிவிட்டது. பரமேஸ்வரிக்கு நெருப்பெட்டி தட்ட ஒரு கை போதவில்லை.

"தம்பி, இந்த மெழுகுதிரியைப் பிடியுங்கோ. கடிக்காது."

பிடித்தேன். இதை வாத்தியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

புதன்கிழமை புறப்படும்போது எஸ்தரக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கொத்தமல்லித் தண்ணீர் கேட்டிருந்தது. கையை நீட்டினாள். "கடிதம்?"

"என்கிட்டேயே இருக்கட்டும்," என்றேன். "திருப்பிக் கொண்டு போறேன்."

"கட்டத்துல என்ன எழுதப் போறீங்க?"

"கோடுதான்க்கா."

"அப்ப உங்களை வைவாங்களே."

"வையட்டும்," என்றேன். பெரிய வீரன் மாதிரி சொன்னேனே தவிர, கூட்டத்தில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் உங்கள் அம்மா உட்பட எல்லோரும் இருந்தார்கள். அறிக்கையை வாசித்தேன். நாலாவது கட்டம்: இல்லை. பிறகு மறைக்காமல் எல்லாம் சொன்னேன், மெழுகுதிரியைத் தவிர. பரமேஸ்வரி கேட்டதையும், அக்கா மறுத்ததையும் சொன்னபோது பலசரக்குக் கடை ஜெபராஜ் எழுந்துவிட்டார்.

"ஏவே, வலிய வந்த ஆத்துமாவைத் திருப்பி அனுப்பிட்டு வந்திருக்கீரு! தெளிப்புதானவே, ஒரு கை தெளிச்சிருக்கலாம்லா?"

கூட்டம் சிரித்தது. "செவ்வாக்கிழம நீ என்னடே பண்ணுன?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"பெஞ்சுல உக்காந்திருந்தேன். பேரு கூப்பிட்டதும் எந்திரிச்சேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. நான் அந்தப் பத்தடி நடையைச் சொன்னேன். தவராசாவின் கண்ணைச் சொன்னேன். சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வாத்தியார் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. கையை நீட்டினார், கடிதத்தைக் கொடுத்தேன். உறையோடு மேசை மேல் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்பு வரப் போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏடே ராஜமணி, ஒரு கண்ணு இன்னும் ஆபரேஷன் பண்ணலேன்னியே, எந்தக் கண்ணு? வலதா, இடதா?"

"தெரியலையே ஐயா."

"அஞ்சு மணி நேரம் அந்த அம்மாகூட உக்காந்திருக்க, கேக்கலையா? மொட்டையா ஒரு கண்ணுன்னு எப்படிடே ஜெபம் பண்ணுறது? இன்னைக்கே எஸ்தருக்கு எழுதிக் கேளு."

ஜெபராஜ் விடவில்லை. "அப்ப இந்தக் கடிதம்?"

"முதல்ல அவ பதில் வரட்டும்," என்றார் வாத்தியார். "ஊருக்கு வரச் சொல்லிட்டா நமக்கு யாருவே பதில் போடுவா?"

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. நாலாவது கட்டத்தில் அதே சின்னக் கோடு. தவராசாவைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. அடியில் எஸ்தரக்காவின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. வாத்தியாரே எழுந்து நின்று சபைக்கு வாசித்தார்:

"இடது கண். பரமேஸ் சொல்லச் சொன்னாள்: சபையார் கவனமா ஜெபிக்க வேணுமாம். வலதெண்டு மாறிச் சொல்லி, வெட்டிச் சுகமாக்கின கண்ணைப் பழுதாக்கிப்போடாதையுங்கோ எண்டு."